சாமிக்குக் கட்டிய மாலை

1. விங்குக்குள் வந்த தலைவர்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்கு மறுநாள். மேல்மலைக் கிராமம் ஒன்றில் எங்கள் நாடகம். கடைசிக் காட்சிக்கு முன் திரை விழுந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் மேடையோரத் தட்டி மறைவுக்கு, சைடு விங்குக்குள் வந்து ஒரு ரோஜா மாலையை நீட்டினார்.

"ராணி இதை ராசா கழுத்துல போடணும். கோயில் மேடையில கல்யாணம் இல்லாம கதை முடிஞ்சா ஊருக்கு ஆகாது. ஒங்க காகித மாலை வேணாம். மலையில வேற பூமாலை கெடைக்கல. சாமிக்குக் கட்டுனதுல ஒண்ணு, இன்னும் சாத்தல."

நான் குழுவின் பிராம்ப்டர். திரையோரம் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன். தடித்த சரித்திரக் காதல் நாவல் ஒன்றை மூன்று மணி நேர நாடகமாகச் சுருக்கியவனும் நானே. தன் மலைநாட்டைக் கைப்பற்றிய அரசனையே ராணி காதலிக்கிறாள். ஆனாலும் நாட்டைத் திருப்பித் தராதவனுக்கு மாலையிட மாட்டேன் என்று, மாலையை அவன் காலடியில் எறிந்துவிட்டு மலையேறுகிறாள். போட்ட ஊரிலெல்லாம் கைதட்டல் அங்கேதான்.

"நாவல்ல கல்யாணம் இல்லைங்க" என்றேன்.

"நாவலை யாருய்யா படிச்சா? நீ எடுத்துக் குடு, அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போகுது. இல்லைன்னா இந்த ஊர்ல ஒங்களுக்கு இனிமே மேடை கெடையாது."

பிராம்ப்டர் கொடுத்த வசனத்தை நடிகர் தள்ளக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

2. இரண்டு பக்கமும் அடைப்பு

ராணியாக நடித்த செல்வராணி, பகலில் வட்டக்கானல் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் வேலை பார்ப்பவர். அரசன் முருகேசன், தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டுபவன். தலைவர் சொன்னதை நான் சொன்னதும் செல்வராணி அவனைச் சீண்டினார்.

"ஏலே முருகேசா, ஒனக்குக் கல்யாணமாம்ல."

"அக்கா, எம் பொண்டாட்டி முன்வரிசையில ஒக்காந்திருக்கா. வெளக்கமாத்தோட மேடை ஏறிருவா."

செல்வராணி சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "அண்ணே, மாலையைப் போட்டா இவ்வளவு நேரம் நான் பேசுனதெல்லாம் பொய்யாப் போயிரும். சாமி மாலையைக் கீழே எறியவும் மாட்டேன். நீங்க வசனம் குடுக்காம இருங்க, போதும்."

3. மூடிய பிரதி

திரை எழுந்தது. மாலைக்காக முருகேசன் தலைகுனிந்து நின்றான். எதிர் விங்கிலிருந்து தலைவர், எடுத்துக் கொடு என்று எனக்குக் கை காட்டினார். அவர் பார்க்கும்படியே நாடகப் பிரதியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

கையில் மாலையோடு நின்ற செல்வராணி நிமிர்ந்தார். "நாட்டைக் கேட்டவளிடம் கழுத்தை நீட்டுகிறீர்கள், அரசே. இது என் மலைக் கடவுளுக்குக் கட்டிய மாலை. அவனிடமே போகட்டும்."

நான் எழுதாத வசனம். மாலையைத் தலைக்குமேல் ஏந்தி மேடையிலிருந்து இறங்கிக் கோயிலை நோக்கி நடந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. பூண்டுக் காட்டில் வேலை செய்யும் பெண்கள் குலவையிட்டார்கள். மிருதங்கக்காரர் தானாகவே மங்களம் வாசித்தார். பூசாரி வாசலுக்கே வந்து மாலையை வாங்கி வேலுக்குச் சாத்தினார்.

"என்ன பூசாரி, நீருமா?" என்று தலைவர் கத்தினார்.

"சாமி மாலை சாமிக்கு வந்திருக்கு. எதுல குத்தம் சொல்லப் போறீங்க?"

தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த தைப்பூசத்துக்கு வேறு குழு வந்தது. நாங்கள் வேறு ஊர்களில் கல்யாணமில்லாத அதே முடிவோடு ஆடினோம்.

புதிதாக வரும் பிராம்ப்டர்களுக்கு ஒன்று சொல்வேன்: எடுத்துக் கொடுப்பது மட்டும் நம் வேலையல்ல, கொடுக்க மறுப்பதும்தான். அந்த ஊரில் எங்களுக்கு இன்னும் மேடை இல்லை. எங்கள் நாடகத்து ராணிக்கும் இன்னும் கல்யாணம் இல்லை.