ஆயுத பூஜைக்குப் பிறகு அணைக்காத சர்வர்

இன்று எங்கள் மயிலாப்பூர் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டரை அணைக்க வைத்துவிட்டேன்! உடனே உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நூலகப் புத்தகங்களின் பட்டியலை மூன்று மாதமாக மாணவிகள் நாங்களே டேட்டாபேஸில் ஏற்றியிருந்தோம். இன்று மதியம் இரண்டு மணிக்குப் பெற்றோர் முன் காட்ட வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல் இருக்கும் சர்வர் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் உள்ளே விடவில்லை.

கம்ப்யூட்டர் சார் செட்டிங் ஃபைலில் ஐந்தை இருபதாக மாற்றினார். ஆறாவதாக உட்கார்ந்த என் வகுப்புத் தோழி ஷீலாவை அப்போதும் அது சேர்க்கவில்லை.

"மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேம்மா. கேக்கவே மாட்டேங்குது," என்றார் சார்.

சர்வரின் கையேட்டைப் புரட்டினேன். தொடங்கும்போது மட்டுமே சர்வர் அந்த ஃபைலைப் படிக்குமாம்.

"சார், நீங்க எதை ரீஸ்டார்ட் பண்ணீங்க?"

தன் எதிரில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்! சர்வரோ, பள்ளியில் ஏசி உள்ள ஒரே இடமான தலைமையாசிரியை அறையில் இருக்கிறது.

ஓடினோம்.

"ஆயுத பூஜை அன்னிக்கு நல்ல நேரம் பார்த்து ஆன் பண்ணினது. அணைக்கப்படாது," என்றார் மேடம்.

"அது காலைல அசெம்பிளில சொல்றதை மட்டும்தான் கேக்கும், மேடம். நடுவுல சர்க்குலர் அனுப்பினா படிக்காது," என்றேன் நான்.

மேடம் சிரித்துவிட்டார். "சரி. வெள்ளிக்கிழமை, பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். அப்புறம் அணைங்கோ."

பன்னிரண்டே காலுக்கு ஷீலா உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர்! மேடம் சர்வருக்குப் புதிதாகக் குங்குமம் வைத்தார்.

இனி செட்டிங் மாற்றக் கையேட்டோடு பஞ்சாங்கமும் வேண்டும். உங்கள் பள்ளி சர்வருக்கு எது நல்ல நேரம்?