நிகழும்

ராசாங்கத்துக்குத் திக்குவாய். 'க'வும் 'ப'வும் முதலில் வந்தால் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். பஸ்ஸில் பெரம்பலூர் என்று கேட்க வராமல், ஒருமுறை அரியலூருக்கு டிக்கெட் வாங்கி அங்கேயே இறங்கியிருக்கிறார். மகளுக்கு இலக்கியா என்று பெயர் வைத்தது, அது வாயில் வழுக்கிக்கொண்டு வந்ததால்.

மாப்பிள்ளையின் பெயரை அப்படிப் பார்த்து எடுக்க முடியவில்லை. செந்துறைப் பையன். கொளஞ்சியப்பன்.

நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகையைப் பெண் வீட்டார் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். இந்த வீட்டுக்காகச் சபையில் பேசுவது எப்போதும் மைத்துனர் மணிவண்ணன்தான். இதை மட்டும் தானே படிப்பதாக ராசாங்கம் சொன்னார்.

தை பிறந்ததிலிருந்து மாலைதோறும் மாட்டுக்கொட்டகையில் பசுவின் முன் நின்று படித்தார். கரும்பு வெட்டு நடக்கும் நாட்களில் சோற்றில் வைக்கவே கை எழாது. அன்றைக்கும் கொட்டகைக்குப் போவார். பத்திரிகையின் முதல் சொல்லை மட்டும் சொல்வார். நிகழும். திரும்பி வந்து படுத்துவிடுவார். சில நாள் அந்த ஒரு சொல்லே எரிச்சலாக இருக்கும்.

"ஒரு வார்த்தைக்கா அம்புட்டு தூரம் போயிட்டு வரீங்க?" என்றாள் மனைவி ஜோதி.

"இன்னிக்கிப் போனாத்தான் நாளைக்கும் போவேன்."

திருமானூர் மண்டபத்தில் மைக் வைத்திருந்தார்கள். தடுக்கியும் சமாளித்தும் மாப்பிள்ளை பெயர் வரை வந்துவிட்டார். அங்கே நின்றது. மணிவண்ணன் எழுந்து தாளுக்குக் கை நீட்டினார். ராசாங்கம் தரவில்லை. முடியாத நாட்களில் செய்வதையே செய்தார்.

"நிகழும்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். இம்முறை பெயர் ஒவ்வொரு எழுத்தாக இறங்கி, முழுதாக வந்து சேர்ந்தது.

முன்வரிசையில் ஒரு செந்துறைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "ரெண்டு தடவ படிக்கிறது இவங்க மொறை போலருக்கு" என்றார்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்ட மணிவண்ணன், "ஆமாங்க, எங்க மொறை" என்றார்.

மறுநாள் மாலை ராசாங்கத்துக்கு உடம்பை அடித்துப் போட்டதுபோல இருந்தது. இனிப் படிக்கவும் ஒன்றுமில்லை. தீனி போட மட்டும் போனார். பசு தின்னாமல் அவர் முகத்தையே பார்த்தது.

"நிகழும்" என்றார்.

அது குனிந்து தின்னத் தொடங்கியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெரம்பலூர் என்று சொல்லிப் பார்த்தார். முதல் எழுத்திலேயே நின்றது. நாளைக்கு ஆகட்டும் என்று கை கழுவப் போனார்.