மாரப்பன் முட்டியால் கேட்ட என்ஜின்

இப்போது காரின் பானெட்டைத் திறந்தால் என்ஜின் கண்ணில் படுவதில்லை. கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. அது அழகுக்கா என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். அழகும் உண்டு. ஆனால் கழற்றித் திருப்பிப் பாருங்கள், பல மூடிகளில் அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். இன்ஜெக்டரின் டக்டக் சத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். தூசியையும் கொஞ்சம் தடுக்கும். சத்தத்தை மூடுவது நல்ல காரியம் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த நினைப்பால் ஒருவர் பிழைப்பு போனது.

எண்பதுகளின் கடைசியில் பெருமாட்டிப் பக்கம் ஓர் ஒர்க் ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். வாளையாரிலிருந்து சிமெண்ட் ஏற்றும் லாரி ஒன்று எங்களிடம் சர்வீசுக்கு வரும். டிரைவர் மாரப்பன், ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். அந்த லாரியில் என்ஜின் பாதி கேபினுக்குள் இருக்கும். டிரைவருக்கு இடப்பக்கம் அதன் தகர மூடி. ஓடும்போது அது அடுப்பாகக் காயும், காதைப் பிளக்கும். மாரப்பன் இடது முட்டியை எப்போதும் அதில் சாய்த்துத்தான் ஓட்டுவார். வெந்து வெந்து முட்டித் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. தென்னை நாரையும் சாக்கையும் எடுத்துக் காட்டி, "மூடிக்கு அடியில வெச்சுத் தெச்சு, மேல ரெக்சின் போட்டுத் தர்றனுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க மேஸ்திரி. சூடு பழகிப்போச்சுங்க."

மறுபடி சொன்னேன். "அய்யோ, வேண்டாமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் காப்பி கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பார்கள், சோறு போட்டாலும் வேண்டாம் என்பார்கள். கேட்டவுடன் சரி என்றால் மரியாதை இல்லை. நானும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டு, லாரியை எங்களிடம் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் வேலையை முடித்துவிட்டேன். லாரி முதலாளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கார்ல போறாப்டி இருக்குதப்பா" என்று என் தோளைத் தட்டினார். எனக்கு ஒரே பெருமை.

அந்த வாரமே லோடோடு ஒரு மேட்டில் ஏறும்போது மாரப்பனுக்கு கியர் விழவில்லை. அந்தக் காலத்து கியர்பாக்ஸுக்கு டபுள் கிளட்ச் போட வேண்டும், அதாவது ஒரு கியருக்குக் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும், என்ஜின் சுற்று ஏறி இறங்குவது தெரிய வேண்டும். லாரி பின்னால் உருண்டு புளியமரத்தில் இடித்து நின்றது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து சீட்டில் முதலாளி இருந்தார்.

மறுநாள் முதலாளி ஒர்க் ஷாப்புக்கு வந்து சொன்னார்: "சந்தேகம் வந்து, மாரப்பனுக்குப் பொறகால வண்டிய நிறுத்தி நாலு தடவ ஆரன் அடிச்சுப் பாத்தனப்பா. திரும்பவே இல்ல. காது போயி எத்தன வருசமோ! நம்ம வாயப் பாத்தே பதில் சொல்லியிருக்கறான். முட்டியில அதிர்றத வெச்சே கியர் மாத்தியிருக்கறான்."

அன்றே மாரப்பனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, ரோட்டில் நாலு பேர் உயிர் இருக்கிறது. ஆனால் அந்த மனிதருக்கு மிச்சமிருந்த காதை நாரும் சாக்கும் வைத்து அடைத்தவன் நான்தான். ஒருவர் வேண்டாம் என்றால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதைத்தான் என்னிடம் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.

மனசு கேட்காமல் பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருந்தார்கள். அவர் மனைவி எல்லார் காதிலும் விழும்படி, "முட்டி வலிங்க, அதான் வண்டிய உட்டுட்டாங்க" என்றார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பனுக்குக் காது கேட்காது என்றால் பெண்ணையும் சந்தேகப்படுவார்கள்.

மாரப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், தரையைப் பார்த்தே, "தப்புப் பண்ணிட்டனுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"என்னுங்க மேஸ்திரி?" என்று என் வாயைப் பார்த்தார்.

அவருக்குப் புரிய வேண்டுமென்றால் முகத்தை நிமிர்த்தி, வாயை நன்றாக அசைத்துக் காட்டி மறுபடி சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் வாசலில் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அவர் காது விஷயம் தெரிந்துவிடும்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.