அலமாரியில் மிச்சமிருந்த கருப்பையா

ஆளைப் பார்க்காமல் அவருடைய சதையை மட்டும் பார்த்துப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. திண்டுக்கல்லில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ரிசல்ட் வந்துவிட்டதா என்று கண்ணாடிக் கதவைத் தட்டித் தட்டிக் காத்துக் கிடந்த அன்பர்களே, கதவுக்கு உள்ளே இருந்தவனும் நிம்மதியாக இல்லை, நம்புங்கள்.

போகாமல் இருப்பவர்கள்

ஆபரேஷனில் வெட்டியெடுத்த குடல் ஃபார்மலின் பாட்டிலில் எங்களிடம் வரும். அதில் நகத்தளவு எடுத்து மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி டாக்டரம்மாவிடம் கொடுப்பேன். புற்றா இல்லையா என்று அவர் பார்த்து எழுதுவார். மிஞ்சிய மெழுகு பிளாக்குக்கு ஒரு நம்பர் போட்டு அலமாரியில் வைப்போம். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் சதை கெடாமல் அங்கேயே இருக்கும்.

கூடத்தைப் பெருக்க வந்த ரோசம்மாவிடம் இதை விளக்கியது என் மடத்தனம். மறுநாளிலிருந்து அவர் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. "உள்ள அம்புட்டுப் பேரு இருக்கையில நான் எப்பிடி சார் வெளக்கமாத்த வீசுவேன்?"

முழுசாக வராதவர்

பேகம்பூர் தோல் வியாபாரி ஒருவர் இறந்து நாற்பது நாள் கழித்து அவருடைய மகன் வந்தார். பாட்டிலில் இருந்த குடலை முன்பே வாங்கிப்போய் அடக்கம் செய்திருந்தார்கள். பிளாக் ஒன்று பாக்கி இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதையும் கேட்டார். ரெக்கார்டு, வெளியே தரக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர் சண்டை போடவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி சலாம் சொன்னார். "அத்தா, செத்த பொறுத்துக்கங்க, சார் இன்னைக்கு விட மாட்டேங்குறாரு."

முன்பே தெரிந்த சதை

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓர் ஆராய்ச்சிக் குழு எங்கள் குடல் புற்று பிளாக்குகளைக் கேட்டது. புற்றுச் செல்லுக்குள் எந்த ஜீன் மும்முரமாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று அளந்தால், கீமோ மருந்து பலிக்குமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது அவர்கள் கேள்வி. பெயர் சொல்லாமல் நம்பர் மட்டும் போட்டு அனுப்பினோம். திரும்பி வந்த பட்டியலில் ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே 'பலிக்கும்' அல்லது 'பலிக்காது' என்று இருந்தது.

பதிவேட்டை விரித்து, யார் பிழைத்தார், யார் போனார் என்று ஒத்துப் பார்த்தேன். சில தவறியிருந்தன, பல சரியாக இருந்தன. முதல் ஊசி ஏறுவதற்கு முன்பே, ஆளுக்குத் தெரியாமல், அவர் சதைக்கு முடிவு தெரிந்திருக்கிறது. பட்டியலோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் அதை மடித்து என்னிடமே கொடுத்தார். "இத வச்சு யாருக்கும் நாள் குறிச்சிராதீங்க. இது இன்னும் வைத்தியம் இல்ல, ஆராய்ச்சிதான்."

துண்டுக்குள் ஐந்து

பழையவற்றோடு புதிதாக ஒரு பிளாக்கும் போயிருந்தது. அது அய்யலூர் ஆட்டு வியாபாரி கருப்பையாவுடையது. ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்க வேண்டியவர், கையெழுத்துப் போட்டுத்தான் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார். அவர் நம்பருக்கு எதிரே 'பலிக்காது'.

மனைவி பேச்சியம்மாளோடு வந்தவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். "பொழைக்க பத்துக்கு எத்தன சார்? வாயத் தொறக்காம சொல்லுங்க, அவ நிக்கிறா" என்று காதோரம் கேட்டார். டாக்டரம்மா சொன்னது நினைவிருந்தது, ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. ஐந்து விரலையும் பிடித்தேன். அவர் கை அசையவே இல்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "புடிச்சது அஞ்சு, நடுங்குனது ரெண்டு. பரவால்ல சார், ரெண்டுக்கே எறங்கிப் பாக்குறேன்."

துண்டுக்குள் ஒன்று

ஊசி அத்தனையும் போட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. காரியம் முடிந்து சில வாரம் கழித்துப் பேச்சியம்மாள் தனியாக வந்தார், தோளில் அதே துண்டு. "எரிச்சு முடிச்சாச்சு. ஆனாலும் நெதம் கனவுல வந்து வயித்தத் தடவிக் காட்டுறாக. இங்க இன்னும் இருக்காகளாமே?" என்றார்.

விதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துண்டு என் கைமேல் விழுந்தது. உள்ளே சில்லென்று ஒரு கை என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தது. அவர் கேட்டது ஒரே ஒரு பிளாக். இந்தப் பாஷை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நானும் சந்தைக்காரிதான சார். அன்னைக்குத் துண்டு ஆடுனதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவுக சும்மா இருந்தாக, அவுகளுக்குத் தெரியக் கூடாதுன்னு நானும் சும்மா இருந்தேன்."

ஒரு பிளாக்கைக்கூடத் தொலைக்காத டெக்னீஷியன் என்று ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள், அலமாரியில் இரண்டு இடம் காலியாக இருப்பது அய்யலூருக்கும் பேகம்பூருக்கும் மட்டும்தான் தெரியும்.