ஐஸ் பெட்டியில் மூன்று நாள் மாவு

எங்கள் வீட்டில் இட்லி மாவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். மாமனார் போட்ட சட்டம் அது. மத்தியானம் அரைத்த மாவு மறுநாள் காலையில் இட்லி, சாயங்காலம் தோசை. அதற்கு மேல் மிஞ்சினால் மாட்டுத் தொட்டிக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் போடி வெயிலுக்கு அதற்குள் மாவு பொங்கிப் புளித்துவிடும் என்பது உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வெயில் ஒரு சாக்கு. "பழசு திங்குற குடும்பமா நாம?" என்று கேட்பார். கேட்கிற வாய் அவருடையது, குழவியைச் சுற்றுகிற கை என்னுடையது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் வேறு பெண் கிடையாது. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமனார், என் வீட்டுக்காரர், கொழுந்தன்மார் இரண்டு பேர் என்று நாலு ஆண்கள். நாலு பேரும் வஞ்சனையில்லாமல் சாப்பிடுகிறவர்கள். ஏலக்காய் வியாபாரம் நன்றாக நடந்த வீடு. மாவு அரைக்க ஓர் ஆள் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வேற்றுக் கை பட்ட மாவு மாமனாருக்குத் தொண்டையில் இறங்காதாம். ஆக, தினமும் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்து இரண்டு மணிக்கு ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க நாலு மணி ஆகிவிடும். அதற்குள் கடைக்குக் காப்பி வாங்கிப்போக ஆள் வந்துவிடும்.

எனக்கு அந்த இரண்டு மணி நேரம் வேண்டியிருந்தது. எதற்கென்றால், படிக்க.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தவள் நான். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். பையன் நல்லவன், தள்ளிப்போட்டால் கை நழுவிவிடும் என்றார் என் அப்பா. பையன் நல்லவர்தான். ஆனால் பரீட்சையும் கை நழுவக் கூடாத ஒன்று என்று பிறந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே பணம் கட்டி, மதுரையில் போய்ப் பரீட்சை எழுதலாம் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "படி, யாரு வேணாங்குறா?" என்றார். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, சரிதான். ஆனால் எப்போது படிப்பது? இரண்டு வருஷம் புத்தகங்கள் தகரப் பெட்டிக்குள் கிடந்தன.

உலகச் சண்டைக் காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தை மறுபடி போட்டு, போடிக்கு ரயில் வர ஆரம்பித்திருந்த சமயம். மலையில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குரங்கணிக்கு மேலே ஒரு பங்களாவில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரர் கடைக்கு நாற்காலி வாங்கப் போனார். நாற்காலி எல்லாம் முன்னாலேயே போய்விட்டது. வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல், யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு மரப்பெட்டியை வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னடா இது, சாமி பீரோவா?" என்றார் மாமனார்.

"ஐஸ் பெட்டிப்பா. இதுல ஐஸ வச்சு, வெண்ணெய், கறியெல்லாம் கெடாம வச்சுக்குவாங்களாம் தொரைமாரு."

"நமக்கு எதுக்கு? நாம என்ன செத்ததைத் திங்குறமா?"

என் இடுப்பு உயரம் இருக்கும். தேக்கு மரம். சுவர் இரட்டைச் சுவர், இடையில் மரத்தூள் அடைத்திருந்தது. உள்ளே முழுக்கத் துத்தநாகத் தகடு. மேல் தட்டு ஐஸ் வைக்க, கீழே சாமான் வைக்கக் கம்பித் தட்டு இரண்டு. ஐஸ் உருகுகிற தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாகச் சொட்டி அடியில் வைத்த தட்டில் விழும். கதவைச் சாத்திக் கொக்கியைத் திருப்பினால் காற்றுப் புக முடியாது. நான் அதைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் என் மாவுத் தவலை எந்தத் தட்டில் உட்காரும் என்று அளந்துவிட்டேன்.

ஐஸ் மதுரையிலிருந்து காலை ரயிலில் வரும். ஸ்டேஷன் பக்கத்து சர்பத் கடைக்காரர் பாளமாக இறக்குவார். மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி வைத்திருப்பார். கால் பாளம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார், வழியெல்லாம் சொட்டிக்கொண்டே.

முதல் தடவை தோற்றேன். ஐஸ் விலை கொடுத்து வாங்கியது, உருகி வீணாகக் கூடாது என்று சர்பத் கடைக்காரர் செய்தமாதிரியே சாக்கோடு, தூளோடு மேல் தட்டில் வைத்துவிட்டேன். மறுநாள் மாலை பார்த்தால் ஐஸ் அப்படியே இருக்கிறது, மாவு பொங்கி வழிந்து கம்பித் தட்டில் ஒழுகுகிறது. மாமனாருக்கு அன்றைக்குப் பிறந்தநாள் மாதிரி சந்தோஷம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே பெட்டியைக் கழுவும்போதுதான் புரிந்தது: நான் ஐஸுக்குக் கம்பளி போர்த்திக் காவல் காத்திருக்கிறேன். ஐஸ் உருகினால்தான் கீழே குளிரும். உருகாமல் பத்திரமாக இருக்கிற ஐஸால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அடுத்த தடவை சாக்கை உரித்து, தூளைக் கழுவி, ஐஸை வெறுமனே வைத்தேன். குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. மூன்றாம் நாளும் மாவு வைத்தது வைத்தபடி இருந்தது.

வாரத்துக்கு இரண்டு தடவை அரைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. மறைத்து வைக்கவில்லை. இட்லியைத் தட்டில் போட்டுவிட்டு, "முந்தாநாள் அரைச்ச மாவு மாமா. புளிப்பு இருந்தாச் சொல்லுங்க" என்றேன்.

பிட்டார். மோந்தார். வாயில் போட்டு மென்றார். புளிப்பு இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத கோபத்தில், ஆவி பறக்கிற இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, "குளுந்த மாவு, நெஞ்சுல சளி கட்டும்" என்றார். சொன்னதற்காக மூன்று நாள் இருமவும் செய்தார்.

மிச்சமான மத்தியானங்களில் படித்தேன். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கவே படித்தேன். பரீட்சைக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்த மாமனார் நான் கையில் புத்தகத்தோடு இருப்பதைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"ஓகோ. இதுக்குத்தானா பொட்டி?"

"இதுக்குத்தான் மாமா" என்றேன்.

அடுத்த வாரமே பெட்டி கடைக்குப் போனது. ஏலக்காய் வியாபாரிக்குக் காயின் பச்சை நிறம்தான் உயிர். வெளிச்சமும் காற்றும் பட்டால் வெளுத்துவிடும், வெளுத்த காயை எவனும் தொடமாட்டான். இருட்டில், காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். அப்படியொரு பெட்டி வீட்டிலேயே இருக்கும்போது அதில் மாவை வைப்பதா? வடக்கேயிருந்து வருகிற வியாபாரிக்குக் காட்ட, பொறுக்கி எடுத்த முதல் தரக் காயை அதில் வைக்கப்போகிறேன் என்றார் மாமனார். அவர் ஆள்களோடு வந்து தூக்கும்போது நான் குறுக்கே நின்றேன்.

"மாமா, இதுல மாசக்கணக்கா ஐஸ் இருந்திருக்கு. தொடைச்சா மேல காஞ்ச மாதிரித் தெரியும். சொவத்துக்குள்ள இருக்குற தூளெல்லாம் ஈரம். காயை வைக்காதீங்க."

"நாப்பது வருசமா காய்ல சோலி பாக்குறேன். எனக்கு நீ ஏலக்காய் சொல்லித் தர்றியாத்தா?"

"ஏலக்காய் உங்களுக்குத் தெரியும். இந்தப் பெட்டி எனக்குத் தெரியும்."

ஒரு மருமகள் அப்படிப் பேசி அந்த வீட்டுச் சுவர் கேட்டதில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், உள்ளே போ என்று. போகவில்லை. பெட்டிதான் போனது.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. மறுபடி தினமும் ஆட்டுரல். புத்தகத்தை எதிரே விரித்து, காற்றில் புரளாமல் இரண்டு பக்கமும் கல் வைத்து, வாய் ஓயாமல் ஒப்பித்துக்கொண்டே அரைத்தேன். இரண்டு கையும் மாவு, பக்கம் புரட்ட வேண்டுமென்றால் முழங்கையால்தான். பூகோளப் புத்தகத்தில் ஆப்பிரிக்காவின் மேல் உளுந்து தெறித்துக் காய்ந்து கிடந்தது. அப்போது எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு, குழவி தேய்ந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வடக்கத்தி வியாபாரி வந்தார். மாமனார் பெருமையாகக் கொக்கியைத் திருப்பிக் கதவைத் திறந்திருக்கிறார். காய் முழுக்கச் சாம்பல் பூத்து, கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. சுவருக்குள் இருந்த ஈரம் போக வழியில்லாமல் காய்க்குள்தான் போயிருக்கிறது. காற்றுப் புகாத பெட்டியில் ஈரமும் வெளியே போகாது, அவ்வளவுதான் விஷயம். வந்தவர் நேரே அடுத்த கடைக்கு நடந்துவிட்டாராம். இதையெல்லாம் சின்னக் கொழுந்தன்தான் வந்து சொன்னார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அன்று மாலையே பெட்டி வீட்டு முற்றத்தில் இறங்கியது. "மாவை வச்சு நாறடிச்ச பொட்டி! நீயே கட்டிக்கிட்டு அழு" என்றார் மாமனார். நான் அழவில்லை. கதவைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் போட்டேன், சோடா உப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்தேன், மூன்றாம் நாள் ஐஸ் வரவழைத்தேன்.

பரீட்சைக்கு மதுரையில் ஐந்து நாள் தங்க வேண்டும். சித்தி வீடு இருந்தது. "அஞ்சு நாளு இங்க யாரு பொங்குறது?" என்று மாமனார் கேட்பார் என்று தெரியும். கேட்டார். பதிலைப் பெட்டிக்குள் தயாராக வைத்திருந்தேன். கீழ்த் தட்டில் மூன்று நாளுக்கு மாவு. அதற்கு மேல் கம்பித் தட்டில் காய்ச்சிய பால், தயிர், நறுக்கிய காய். மிச்ச இரண்டு நாளுக்குப் புளிக்காய்ச்சலும் இட்லிப்பொடியும் ஜாடியில். சோறு மட்டும் பொங்கிக்கொள்ள வேண்டும், அது வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐஸ் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"நான் பாத்துக்கிறேன், நீ போய் நல்லா எழுதிட்டு வா" என்று ரயிலடியில் சொன்னார் என் வீட்டுக்காரர். நம்பித்தான் ஏறினேன்.

நன்றாக எழுதினேன். கணக்கில் மட்டும் ஒரு கேள்வி விட்டுப்போனது.

ஆறாம் நாள் வந்து வாசல்படி ஏறும்போதே நாற்றம் மூக்கில் ஏறியது. மாமனார் கடைக்குப் போகாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார். கொழுந்தன்மார் இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையை வைத்துவிட்டு நேரே போய்ப் பெட்டியைத் திறந்தேன். மாவு பொங்கி வழிந்து கதவிடுக்கில் காய்ந்திருந்தது. பால் கட்டியாகித் திரிந்து கிடந்தது. காயில் புழு. மேல் தட்டில் ஐஸ் இருந்த சுவடே இல்லை. நான் போன பிறகு ஒரு தடவைகூட ஐஸ் மாற்றவில்லை. நாலு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறார்கள், ஐந்து நாளும். வேற்றுக் கை மாவு இறங்காத தொண்டையில் ஓட்டல் இட்லி இறங்கியிருக்கிறது.

திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அப்பா வேணாம்னுட்டாரு..." என்றார், தரையைப் பார்த்து.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "பாத்தியாத்தா ஒன் பொட்டி லட்சணத்தை? ஊரே நாறுது."

பெட்டிக் கதவைச் சாத்தாமலே அவர் பக்கம் திரும்பினேன்.

"நாறட்டும் மாமா. பெட்டி நாறுனாக் கழுவிக்கிறலாம். நான் பரீச்சை எழுதிட்டேன். அதை இனிமே நீங்க ஒண்ணும் பண்ண முடியாது."

நான் தவலையை இழுத்து வெளியே எடுத்து, என் வீட்டுக்காரர் காலடியில் வைத்தேன்.

"பாத்துக்கிறேன்னு சொன்னது நீங்க. கழுவுங்க."

கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து அவர் கழுவினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தவலை, கம்பித் தட்டு, குழாய், பெட்டி எல்லாவற்றையும், அப்பா பார்க்கப் பார்க்கக் கழுவினார். தேறினேன் என்ற சேதி வர இன்னும் பல வாரம் இருந்தது, அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் உள்ளே போய்ப் பாயை விரித்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் பகலில் படுத்ததில்லை. அன்று படுத்தேன். சாயங்காலம் காப்பிக்கு ஆள் வந்து கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.