வேலியோரத்தில் மட்டும் ஈரம்

“…வெட்டித் தந்ததே அண்ணைதானே தம்பி. அவர் வெட்டின கிணத்தை அவரே கெடுத்தாரெண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?” என்றார் அந்தக் கிணற்றுக்கார அக்கா. அவர் கையில் வெறும் வாளி. கிழக்கு வேலியோரம் முழுக்க அப்போதுதான் சாணகத் தண்ணீர் தெளித்திருந்தது.

நான் நிலத்தைக் குத்தும் அலவாங்கைப் போட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டேன். பட்டணத்திலிருந்து உரும்பிராய்க்கு, இரும்புக் குழாய்களைச் சைக்கிள் பாரில் கட்டி மிதித்து வந்த மூன்றாவது பயணம் அது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, அதன்மேல் இன்னொன்று எழும்பியிருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. தண்ணீரைப் பரிசோதிக்கிற அலுவலகம் ஒன்றில் நான் எடுபிடி. அந்த அக்காவின் கிணற்றில் நாலு மாதமாக மண்ணெண்ணெய் மணம். குடிக்கிற தண்ணீருக்குக் கோயில் கிணறு வரைக்கும் குடத்தோடு நடந்தார். மிளகாய்க் கன்றுகள் கருகிக்கொண்டிருந்தன. எண்ணெய் எங்கிருந்து ஊறுகிறதென்று தெரிந்தால், அதைத் தோண்டி அகற்றிவிட்டுக் கிணற்றை இறைத்துப் பார்க்கலாம். தெரியாவிட்டால் மூடச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணெய் மண்ணுக்குள் கிடந்தால் அதன் ஆவி மேலே வரும். அலவாங்கால் துளை போட்டு, குழாயை இறக்கி, வாய்ப்பக்கத்தைக் களிமண்ணால் அடைத்து, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிப் போத்தலில் பிடிப்போம். இரண்டு முழம் செம்மண், அதற்குக் கீழே கல். “மண் எண்ணெயைப் பொறுக்கும், கல் பொறுக்காது, கிணத்துக்கு விட்டிடும்” என்று அந்த அக்கா சொன்னதை நான் அன்றைக்கே மனதில் எழுதிவைத்தேன்.

முதல்நாள் நாங்கள் போனபோது, தண்ணீர்க் கந்தோர் ஆட்கள் வருகினம் என்று விடியவே வளவெல்லாம் கூட்டி, அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே சாணகம் கரைத்துத் தெளித்து வைத்திருந்தார். எந்தத் துளையைக் குத்தினாலும் மண்ணெண்ணெய்தான் மணத்தது. எங்கள் மேலதிகாரி ஐயாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அம்மா, நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர் இல்லை. ஒரு கிழமைக்குக் கூட்டாதேங்கோ, தெளியாதேங்கோ!”

“ஆக்கள் வரேக்கை குப்பையாக் கிடந்தால் சனம் என்ன கதைக்கும் ஐயா?”

ஆனாலும் சொல் கேட்டார். அடுத்த முறை வளவு காய்ந்து, சருகு மூடிக் கிடந்தது. வீட்டோரத்துப் போத்தல்களில் ஒன்றுமில்லை. கிழக்கே போகப்போக மணம் ஏறியது. பொழுதுபட்டதும் வேலியோரத்தை மட்டும் மிச்சம் விட்டு வந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணனின், மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மிஷின் கொட்டில். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலம் அது. பெரிய தகரப் பரலோடு வாங்கி, ஷெல் விழுந்தால் பற்றுமென்று நிலத்துக்குள் தாட்டு வைத்தவர்கள் அநேகம்.

இந்த மூன்றாம் பயணத்தில் சருகெல்லாம் சருகாகவே கிடக்க, அந்த ஓரம் மட்டும் கிணற்றுத் தண்ணீர் ஈரம்; இனி அங்கே குத்தியும் பயனில்லை. “ஏன் அக்கா?” என்று கேட்டதற்கு, “கை பழகிப்போச்சு” என்று தொடங்கினவர், பிறகுதான் கிணறு வெட்டின கதைக்கு வந்தார்.

ஐயா போத்தல்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். களைப்பில் கோபம்கூட அவருக்கு வரவில்லை.

“தெரியேல்லை எண்டு எழுதவேண்டியதுதான் அம்மா. கிணத்தை மூடச் சொல்லுவினம்.”

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு செருமல். “பிள்ளை, இன்னும் முடியேல்லையோ உவைக்கு?” அண்ணனின் குரல்தான்.

அக்கா கிணற்றுக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குழாய்களைச் சைக்கிளில் கட்டக் கயிற்றை எடுத்தேன்.

“அண்ணையை நான் காட்டிக்குடுக்கேலாது தம்பி,” என்றார் மெல்ல.

“நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம் அக்கா. காய்ஞ்ச இடம் ஒண்டு தந்தால் போதும்.”

வாளியைக் கவிழ்த்து வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் காலடியில் கிடந்த அலவாங்கை எடுத்தார். குனிந்து, ஓலை விலகிய வேலிப் பொட்டுக்குள்ளால் அண்ணன் வளவுக்குள் போய், மிஷின் கொட்டிலடியின் காய்ந்த மண்ணில் ஓங்கிக் குத்தினார்.