கேதப் பக்கம்

கடலாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காளிதாஸின் கடையில் இரண்டு தொழில் நடந்தது. முன்னால் ஃப்ளெக்ஸும் போஸ்டரும் அடிப்பது. பின்னால், பிரிண்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாற்காலி மட்டும் கொள்கிற இடத்தில், ஊருக்கான இணையதளம் ஒன்றை நடத்துவது. மழை, மிளகாய் விலை, திருவிழா எல்லாம் அதில் வரும். ஆனால் வெளிநாட்டில் கிடக்கிற நாங்கள் காலையில் எழுந்ததும் பயந்துகொண்டே திறந்தது, சாவுச் செய்தி வருகிற கேதப் பக்கத்தைத்தான்.

யாராவது இறந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க ஆள் வருவது அவனிடம். அதே படத்தை, அதே வாசகத்தைத் தளத்திலும் ஏற்றிவிடுவான். அதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். கேதம் கேட்காவிட்டால் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். மஸ்கட்டில் இருக்கும் நான் நேரில் போய்த் துக்கம் விசாரிக்க முடியாது. போனாவது போட வேண்டும். போடுவதற்கு முன்னால் யார் இறந்துபோனார்கள் என்று தெரிய வேண்டுமே. வாட்ஸ்அப் குரூப் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ஒரு தெருச் சாவு அடுத்த தெரு குரூப்பில் வராது. காளிதாஸின் பக்கத்தில்தான் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே வரிசையில் படுத்திருந்தார்கள்.

தளம் ஓடியது விளம்பரத்தில். சென்னையில் இருந்த ஒரு நிறுவனம் விளம்பரங்களைப் பிடித்து இவனைப் போன்றவர்களின் தளங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அங்கே கோகிலா என்று ஒரு பெண். "கேதப் பக்கத்துல கல்யாண மண்டபம் வராது சார், பத்தி, சாம்பிராணி மட்டும்தான் விட்டிருக்கேன்" என்பாளாம். வந்த பணத்தில் சர்வர் வாடகை போக மிச்சம் வீட்டுச் செலவுக்கு ஆனது.

போன வருஷம் அந்த நிறுவனத்தை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கியது. "ஓனர்தான் மாறுறாங்க, நாங்க இங்கயேதான் இருப்போம்" என்று சொன்ன கோகிலாவின் நம்பர் அடுத்த மாதமே அணைந்துகிடந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. காளிதாஸ் அதை எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"அண்ணே, என்னமோ கேட்டை இழுத்துச் சாத்துற மாதிரி இருக்கு. படிச்சுச் சொல்லுங்க."

படித்துச் சொன்னேன். விளம்பரதாரர்கள் விரும்பாத விஷயங்கள் என்று ஒரு பட்டியல். ஆயுதம், போதைப்பொருள், மரணம். இவற்றைப் பற்றிய பக்கம் இருந்தால் தளம் முழுவதற்கும் விளம்பரம் நிற்கும்.

"ஏண்ணே, அவுக ஊர்ல யாரும் சாக மாட்டாகளா?" என்றான்.

பதில் எழுதிப் பார்த்தோம். திரும்பி வந்தது மெஷின் போட்ட நன்றி மட்டும்.

அவன் மனைவி முருகேஸ்வரி பளிச்சென்று சொல்லிவிட்டாள்: "ஒண்ணு கேதத்த எடுங்க, இல்ல வெளம்பரத்த எடுங்க. ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒளிஞ்சு புடிச்சு வெளையாடாதீக."

அவன் விளையாடினான். கேதப் பக்கத்தை அழித்துவிட்டு, இறந்தவர்களைக் கல்யாணம், காதுகுத்து வருகிற 'விசேஷங்கள்' பக்கத்துக்கு மாற்றினான். மாலை இல்லாத படம், பேர், ஊர், பாடை எடுக்கிற நேரம். அவ்வளவுதான். காலமானார் என்ற சொல் கிடையாது. நம்ம ஆட்களுக்குப் புரியும் என்று நினைத்தான். பாதிப் பேருக்குப் புரிந்தது.

செல்லச்சாமி இறந்தபோது குடும்பத்தார் கொடுத்த படம், பேரனின் காதுகுத்தில் பட்டு வேட்டியோடு சிரித்துக்கொண்டு எடுத்தது. அதற்குப் பக்கத்தில் மெஷின் ஒரு நகைக்கடை விளம்பரத்தைக் கொண்டுவந்து வைத்தது. மலேசியாவில் இருக்கும் தூரத்து மருமகன் இருளாண்டி அதைப் பார்த்துவிட்டுக் கீழே எழுதினான்: 'வாழ்த்துகள் மாமா. நூறு வருஷம் இருக்கணும்.' அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கைதட்டுகிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

செல்லச்சாமியின் மகன் சுரேஷ், மொட்டையடித்த தலையோடு கடைக்கு வந்தான். போனைக் காளிதாஸின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஏலே, எங்கய்யா பாடையில கெடக்கயில ஊரு கைதட்டிச் சிரிச்சிருக்கு. இங்கன பாரு, பக்கத்துல ஒருத்தி நெக்லஸ் போட்டுக்கிட்டு ஆடுறா. இதுக்கு எம்புட்டு வாங்குன?"

முருகேஸ்வரிதான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். போகும்போது சுரேஷ் சொன்னது: "போஸ்டர் அடிச்ச காசு குடுத்தாச்சுல்ல? அதோட நிப்பாட்டிருக்கணும்."

அன்று மாலையே காளிதாஸ் விளம்பரங்களை எல்லாம் எடுத்துவிட்டான். கேதப் பக்கத்தைப் பழையபடி போட்டான். ஃப்ளெக்ஸ் வருமானத்தில் சில மாதம் சர்வர் வாடகை கட்டினான். நாங்கள் சிலர் பணம் அனுப்புகிறோம் என்றோம். "சாவுச் செய்திக்கு மொய்யா வாங்குறது?" என்று மறுத்துவிட்டான். ஆடி பிறந்தது, ஆர்டர் படுத்தது. ஒருநாள் காலையில் திறந்தால், இந்தத் தளம் இல்லை என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது.

அதற்குப் பிறகு ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போன் போட்டு யாரையாவது விசாரிப்பதற்கே தயக்கம். "அவரா, அவரு போயி எம்புட்டு நாளாச்சு" என்று சொல்லிவிடுவார்களோ என்று.

மாசியில் மிளகாய் மகசூல் எப்படி என்று கேட்கத்தான் காளிதாஸைக் கூப்பிட்டேன். அவனுக்குப் பேச்சு ஓடவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"எங்கய்யா போயிட்டாருண்ணே."

"எப்ப?"

"கார்த்திகையில. நல்ல மழை அன்னைக்கி."

அவனே பேசினான். போஸ்டரை அவன்தான் அடித்தானாம். மழைக்கு நிற்காது என்று பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, வேறு ஆளை விடாமல் தானே ஒட்டினானாம்.

"உள்ளூர்ல எல்லாரும் வந்தாகண்ணே. சுரேஷுகூட வந்துட்டுப் போனான். வெளிநாட்டுல இருந்துதான் ஒரு போனும் வரல. கோவமெல்லாம் இல்ல. யாருக்குத் தெரியும், எங்கன பாப்பீக?"

நான் கேதம் கேட்டேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றான். பிறகு, கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டான்.